மூச்சை அளக்காத கருவி

2006 நவம்பரில் நின்டெண்டோவின் வீ கருவியோடு வெளிவந்த 'வீ ஸ்போர்ட்ஸ்' தொகுப்பில் டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என ஐந்து ஆட்டங்கள். கைக்கருவியினுள் இருந்த முடுக்கமானி ஆடுபவரின் கைவீச்சை அளந்தது. பொத்தான்களைப் பழகாத பாட்டியும் பேரனோடு ஆட முடிந்தது.

2009இல் ஐதராபாத்தின் கேம்சாஸ்திரா நிறுவனம் பிளேஸ்டேஷன் 2க்கு உருவாக்கிய 'தேசி அட்டா' கபடி, கில்லி தண்டா முதலிய நம் தெருவிளையாட்டுகளைத் தொகுத்தது. இங்கொரு முரணைக் காண்கிறோம். மேலைநாட்டு ஆட்டங்கள் பொத்தானிலிருந்து கைவீச்சுக்கு மீண்ட அதே ஆண்டுகளில், நம் ஆட்டங்கள் கைவீச்சை விட்டுப் பொத்தானுக்குள் புகுந்தன.

மொழியியல் நோக்கில் இழப்பு இன்னும் பெரிது. சடுகுடுவில் பாடுதலே விதி. எதிரணிக் களத்தில் பாட்டு அறுந்தால் ஆடுபவர் ஆட்டமிழப்பார். அங்கே ஒலிப்பு ஆட்டத்தின் அலங்காரமன்று, அதன் அளவுகோல். கைவீச்சை அளந்த வீயின் முடுக்கமானியும் மூச்சை அளக்கவில்லை.

கில்லி தண்டா தமிழில் கிட்டிப்புள். நான் வசிக்கும் கலூரில் குட்டியும் கோலும். பெயரோடு எண்ணும் சொற்களும் வட்டாரந்தோறும் மாறுகின்றன. விளையாட்டு வரலாறு எழுதும் மாணவர்கள் கருவிகளோடு நில்லாது, அச்சொற்களையும் மூத்தோரிடம் கேட்டு இப்போதே பதிவுசெய்தல் வேண்டும்.