பேங்க் கிளார்க்கும் எண்பது கூலிகளும்

ஃபைனல் இயர் பரீட்சை முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து ஸ்பிட்டி போய் படம் எடுத்துவிட்டு வருவது என்று ஆறு மாதமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். சங்கரன்கோவிலில் இருந்து 3000 கிலோமீட்டருக்கு மேல். எங்க ஊர் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே புளியங்குடி பக்கம் மலை தெரியும். மழை வருவதற்கு முன்னால் நீலமாக, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும். அதைத் தவிர மலை என்று நாங்கள் பார்த்தது குற்றாலமும், ஒரே ஒரு தடவை டூரில் போன ஊட்டியும்தான். பனி என்றால் சினிமா பாட்டில் பார்த்ததோடு சரி.

திட்டம் எல்லாம் எக்செல்லில் இருக்கிறது. கேமரா, இரண்டு லென்ஸ், குளிரில் சீக்கிரம் சார்ஜ் இறங்குமாம் என்பதால் கூடுதல் பேட்டரி, இரவல் ஜெர்கின், இத்யாதி. ஒரு ஆளுக்கு 11 கிலோ வருகிறது. "இவ்வளவையும் தூக்கிக்கிட்டு எப்படிடா ஏறுறது" என்று ஒருத்தன் இப்போதே புலம்புகிறான். அவனுக்குப் பதில் சொல்லத்தான், கேமரா புதுசாக வந்த காலத்தில் இமயமலைக்குப் போனவர்கள் என்ன தூக்கிக்கொண்டு போனார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அப்போது மாட்டியவர்தான் சாமுவேல் போர்ன்.

மதுரைக்காரர்கள் இவர் பெயரை அறியாமலே இவர் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1869 வாக்கில் தெற்கே வந்து மதுரை, திருச்சி, தஞ்சாவூர், நீலகிரி எல்லாம் எடுத்திருக்கிறார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1863, 1864, 1866 ஆகிய மூன்று வருடங்களில் அவர் போன மூன்று இமயமலைப் பயணங்கள்.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு முதலில் பிடித்துப்போன விஷயம், மனுஷன் ஒரு பேங்க் கிளார்க்! 1834-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். 1862-ல் லண்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் அவர் படங்கள் வைக்கப்பட்டன. அத்தோடு பேங்க் வேலையை விட்டுவிட்டு கப்பல் ஏறி, 1863 ஆரம்பத்தில் கல்கத்தா வந்து இறங்கினார். கையில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு! நம்ம வீடுகளில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் கிறுக்குத்தனமாக வரவில்லை. கல்கத்தாவில் ஸ்டூடியோ வைத்திருந்த வில்லியம் ஹோவர்டுடன் கூட்டு சேர்ந்து சிம்லாவில் கடை போட்டார். பிறகு சார்லஸ் ஷெப்பர்ட் சேர, ஹோவர்டு விலக, 'போர்ன் அண்ட் ஷெப்பர்ட்' ஆனது. கடை போட்ட இடத்தைக் கவனியுங்கள். 1864-ல் வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் சிம்லாவை அதிகாரபூர்வமான கோடைத் தலைநகரம் ஆக்கினார். வெயில் காலம் முழுக்க வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களும் அங்கேதான். ஊருக்கு அனுப்ப, ஆல்பத்தில் ஒட்டி வைக்க, அவர்களுக்கு மலைப்படம் வேண்டும். வாங்குகிறவன் வந்து நிற்கும் இடத்திலேயே கடை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணாடி நெகட்டிவ் ஒன்று கைக்கு வந்துவிட்டால், முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் வெயிலில் வைத்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். செலவு எல்லாம் முதல் பிரதிக்குத்தான். படத்துக்குப் படம் நம்பர் போட்டு, கேட்லாக் அச்சடித்து, நம்பரைச் சொல்லி ஆர்டர் கொடுங்கள் என்று விற்றார்கள். நம்ம மாகாணத்தில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நடந்தது. கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராஃபராக 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் போய் அற்புதமாகப் படம் எடுத்தார். அடுத்து கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று அந்தப் பிரிவையே மூடிவிட்டார். டிரைப்புக்குக் கையெழுத்துப் போட ஒரு கவர்னர் வேண்டியிருந்தது. போர்னுக்கு வாடிக்கையாளர்கள் போதும்.

சரி, சுமைக்கு வருவோம்.

அப்போது இருந்தது ஈரத்தட்டு முறை. வெடிப்பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்று ஒரு பிசுபிசுப்பான திரவம் வரும். அதைக் கண்ணாடித் தட்டில் சீராக ஊற்றி, இருட்டில் சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் சொருகிப் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே திரும்பக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். எல்லாம் பத்து நிமிடச் சமாச்சாரம். காய்ந்தால் போச்சு. அதனால் எங்கே படம் எடுக்கிறோமோ அங்கேயே இருட்டறை வேண்டும். ஸ்டூடியோ முழுவதையும் மலை மேல் கொண்டுபோனால்தான் ஒரு படம்.

1863 ஜூலை 29-ம் தேதி சிம்லாவில் இருந்து முதல் பயணம் கிளம்பினார். சட்லெஜ் ஆற்றை ஒட்டி, அப்போது சீனி என்று அழைக்கப்பட்ட இன்றைய கல்பா வழியாக, ஸ்பிட்டி எல்லை வரை. கூட முப்பது கூலிகள். சாமான் பட்டியலை அவரே எழுதி வைத்திருக்கிறார். குடை மாதிரி விரிந்து மடங்கும், பத்தடி உயர இருட்டுக் கூடாரம். பெட்டி பெட்டியாக ரசாயனம். 12-க்கு 10 அங்குலத்தில் 250 கண்ணாடித் தட்டு, 8-க்கு 4½ அங்குலத்தில் இன்னொரு 400.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கண்ணாடி 2 மில்லிமீட்டர் கனம்தான் என்று குறைத்து வைத்தாலும் பெரிய தட்டு ஒன்று கிட்டத்தட்ட 390 கிராம். 250 தட்டுக்கு 97 கிலோ. சின்னது 400-க்கு 46 கிலோ. ஆக வெறும் கண்ணாடியே 143 கிலோ, அதுவும் கீழே போட்டால் உடையும் சரக்கு. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் ஈதர் தனி. பத்து வாரம் கழித்து அக்டோபரில் 147 நெகட்டிவோடு சிம்லா திரும்பினார். எங்க செட்டில் ஒருத்தன் ஆதித்தபசு அன்றைக்கு ஒரே மாலையில் அதை விட அதிகமாக எடுத்தான், அதில் நூறு மங்கல் :-)

அடுத்த வருடம் காஷ்மீர். மார்ச்சில் கிளம்பி, காங்ரா, தர்மசாலா, சம்பா வழியாகப் போய், கிறிஸ்துமஸுக்குத் தான் திரும்பினார். சுமைக்கு 42 பேர். அது போக, நடக்க முடியாத இடத்தில் இவரையே தூக்கிக்கொண்டு போக டாண்டிக்காரர்கள். வந்த நெகட்டிவ் 500-க்கும் மேல்.

மூன்றாவதுதான் பெரிய பயணம். 1866 ஜூலை 3. கூட டாக்டர் பிளேஃபேர் என்ற நண்பர். கூலிகள் சுமார் எண்பது. குலு, லாஹுல், ஸ்பிட்டி, அங்கிருந்து மணிரங் கணவாய். பிறகு கங்கோத்ரி போய், கங்கை பனிக்கட்டிக்குள் இருந்து புறப்படும் கோமுகத்தையும் எடுத்தார். மணிரங் கணவாயின் உயரம் அவர் கணக்கில் 18,600 அடி. ஈரத்தட்டையும் கூடாரத்தையும் அங்கே ஏற்றி, மேகம் விலகக் காத்திருந்து எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு சுமார் இருபது வருடம் அதை விட உயரத்தில் யாரும் படம் எடுக்கவில்லை.

அவர் கட்டுரைகளில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இவ்வளவு பாடுபட்டுப் போய்விட்டு, இந்த மலை போட்டோவுக்கு லாயக்கில்லை என்று சலித்துக்கொள்கிறார்! மலைக்குப் பின்னால் மலை, எல்லாம் பிரம்மாண்டம், ஆனால் படத்துக்குள் அடங்கவில்லையாம். ஏரி இல்லை, மரத்தோப்பு இல்லை, இங்கிலாந்து மாதிரி இல்லை என்று குறைப்படுகிறார். காஷ்மீர் போனதும்தான் மனம் குளிர்ந்தது. மனதுக்குள் ஏற்கெனவே ஒரு படத்தை வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற இடத்தைத் தேடி அலைந்திருக்கிறார். நாங்களும் இன்ஸ்டாகிராமில் பார்த்த அதே பாறையில் உட்கார்ந்து படம் எடுக்கத்தான் போகிறோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

இதுவரைக்கும் எனக்கு இவர் ஹீரோ. கூலிகளைப் பற்றி எழுதியதைப் படித்தபோதுதான் இடித்தது.

கூலிகள் ஓடிப்போகிறார்கள். மூன்று பயணத்திலும் இதே புலம்பல். ராத்திரியோடு ராத்திரியாகச் சுமையைப் போட்டுவிட்டுக் காணாமல் போய்விடுகிறார்கள். முதல் பயணத்தில் ஒரு கிராமத்தில் ஆட்கள் ஒளிந்துகொள்ள, இவர் தடி ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடிப்போய், கிடைத்தவர்களுக்கு அந்தத் தடியின் ருசியைக் காட்டியதாக எழுதுகிறார். ரகசியமாக டைரியில் எழுதவில்லை. லண்டன் போட்டோகிராஃபி பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையில், தமாஷ் மாதிரி. அதைப் படித்துச் சிரிக்க ஆள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

ஏன் ஓடினார்கள்? சம்பளம் இல்லாமல் இல்லை, கூலி உண்டு. ஆனால் அந்த மலை ராஜ்யங்களில் பேகார் என்று ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவோ, அதிகாரியோ, துரையோ அந்த வழியாகப் போனால் கிராமத்துத் தலைவர் வீட்டுக்கு இத்தனை ஆள் என்று பிடித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த கிராமம் வரை, சில சமயம் அதையும் தாண்டி, சுமை தூக்க வேண்டும். போர்ன் கிளம்பியது ஜூலையில். மலையில் விவசாயம் நடப்பதே அந்த நாலு மாதம்தான். பயிரை விட்டுவிட்டு, தனக்கு என்னவென்றே தெரியாத கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனிக்கணவாய் ஏற வேண்டும் என்றால் நானும் ஓடித்தான் போயிருப்பேன். கூலி வாங்கலாம், வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. எங்க பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் ஒப்பந்தம் இல்லை.

இது முடிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1921 ஜனவரி 14, நமக்குப் பொங்கல், அவர்களுக்கு உத்தராயணி. குமாவுன் மலையில் பாகேஷ்வர் திருவிழாவில் கூடிய ஜனங்கள், எந்த ஊரில் எத்தனை ஆள் பிடிக்கலாம் என்று எழுதி வைத்திருந்த பேகார் பதிவேடுகளை சரயு ஆற்றில் தூக்கி வீசினார்கள். அதே காலத்தில் சிம்லாவுக்கு மேலே கோட்கட் பகுதியில் பேகாரை எதிர்த்து நின்றவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர். ஹிமாச்சல் ஆப்பிள் என்று நாம் வாங்கிச் சாப்பிடுகிறோமே, அதை அங்கே பரப்பியவரும் இவர்தான். போர்ன் முதல் பயணம் போன சட்லெஜ் பக்கத்து மலைகளில்தான் இந்தக் கோட்கட்.

போர்ன் 1870-ல் ஊர் திரும்பிவிட்டார். அங்கே போய் என்ன தொழில் செய்தார் தெரியுமா? மைத்துனரோடு சேர்ந்து நூல் முறுக்கும் மில்! இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கி உறுதியாக்குகிற டபுளிங் வேலை. விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த எங்க ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நன்றாகச் சம்பாதித்து 1912-ல் காலமானார். நெகட்டிவ்கள் கம்பெனியோடு இந்தியாவிலேயே தங்கின. 1991-ல் கல்கத்தா ஸ்டூடியோவில் பிடித்த தீயில் பழைய சேகரிப்பு பெரும்பாலும் எரிந்துபோனது. 2016-ல் கடையையும் மூடிவிட்டார்கள். ஆல்பங்களில் ஒட்டப்பட்ட பிரதிகள் உலகம் முழுக்க மியூசியங்களில் இருக்கின்றன.

அந்தப் படங்களை இப்போது வேறு மாதிரிதான் பார்க்கிறேன். அழகு குறையவில்லை. சொல்லப்போனால், கண்ணாடித் தட்டில் வந்த அந்தத் துல்லியம் எங்க கேமராவுக்கு வருமா என்பதே சந்தேகம். சில படங்களில் மலை எவ்வளவு பெரிது என்று காட்டுவதற்காக ஓரத்தில் ஆட்களை உட்கார வைத்திருக்கிறார். எறும்பு அளவுக்குத் தெரிகிறார்கள். படத்துக்குக் கீழே நம்பர் உண்டு, கணவாயின் பெயர் உண்டு, உயரம் எத்தனை அடி என்றும் உண்டு. தட்டைத் தூக்கி வந்தவரின் பெயர் கிடையாது.

நேற்று எங்க எக்செல்லைத் திறந்து பார்த்தேன். மேலே ஒரு கிராமத்துக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும், அங்கே ஒரு போர்ட்டர் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். நண்பன் அதை 'சில்லறைச் செலவுகள்' என்ற தலைப்பில், தண்ணீர் பாட்டிலுக்கும் மெமரி கார்டுக்கும் நடுவில் போட்டிருந்தான். தனி வரிசையாக எடுத்து மேலே வைத்துவிட்டேன். "ரேட் எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டான். தெரியவில்லை, அங்கே இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு ஆள் எத்தனை கிலோ தூக்குவார் என்று கேட்க வேண்டும். எங்க நாலு பேர் மூட்டை 44 கிலோ இருக்கிறது.