லிட்டில் தஹோமா: எஞ்சிய பாறையும் எம்மன்ஸ் பனியாறும்

வாஷிங்டன் மாநிலத்தின் உயர்ந்த மலைகளைப் பட்டியலிடுவோர் லிட்டில் தஹோமாவிடம் வந்ததும் தடுமாறுவார்கள். 3,395 மீட்டர் உயரமுள்ள இதைத் தனி மலையாக எண்ணினால் ரெய்னியர் (4,392 மீ), ஆடம்ஸ் (3,742 மீ) இரண்டுக்கும் அடுத்த மூன்றாமிடம் இதற்கு. பேக்கர் எரிமலையே ஒரு படி இறங்கிவிடும். ரெய்னியரின் கிழக்குத் தோளில் துருத்தி நிற்கும் முனையாக எண்ணினால் பட்டியலில் இடமே இல்லை. பெருமலையோடு இணைக்கும் தாழ்விலிருந்து இது ஏறக்குறைய 260 மீட்டர்தான் எழுந்து நிற்கிறது என்பதே சிக்கல். மலையேறிகளுக்கு இவ்வழக்கு சுவையானது. ஆனால் சிகரத்தின் பிறப்பைப் பற்றி அந்த 260 மீட்டர் ஒன்றும் சொல்வதில்லை. லிட்டில் தஹோமாவைப் பனியாறுகள் அரித்தது போக எஞ்சிய எரிமலைச் சரிவாகக் கொண்டால்தான் 1963இன் பாறை வீழ்ச்சியும் அதன்பின் எம்மன்ஸ் பனியாறு நடந்துகொண்ட விதமும் ஒரே வரலாறாகப் புலப்படும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எரிமலையின் பக்கத்தில் நிற்கும் சிகரங்கள் எல்லாம் ஒரு வகையல்ல. கலிபோர்னியாவில் சாஸ்தாவின் அருகே நிற்கும் சாஸ்டினா, பெருமலைக்குப் பின்பு தனி வாய் வழியே பொங்கி எழுந்த இளைய கூம்பு. இன்னும் அதிகம் அரிபடாதது. கிளிமஞ்சாரோவின் மாவென்சி (5,149 மீ) இதற்கு நேர்மாறு. அது அம்மலையின் உயர்ந்த கூம்பான கிபோவைப் போலவே தனி எரிமலை மையமாக இருந்து அணைந்துபோய், அரிபட்டுச் செங்குத்துப் பாறையாகிவிட்டது. லிட்டில் தஹோமா இரண்டிலும் சேராது. அதற்கென்று ஓர் எரிமலை வாய் கிடையாது. அதன் லாவாப் படலங்களும் உடைகற்படலங்களும் ரெய்னியரின் உச்சியிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ரெய்னியரின் சரிவாக இருந்ததைச் சுற்றிலும் பனி அரித்தெடுக்க, நடுவில் தப்பிய துண்டு அது. ஒருபுறம் எம்மன்ஸ், மறுபுறம் இங்கிரகாம், கிழக்கே விட்மன், ஃப்ரையிங்பேன் என நான்கு பனியாறுகள் அதைச் சூழ்ந்திருக்கின்றன.

இந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டு, படலங்களை மேல்நோக்கி நீட்டிப் பார்த்து, ரெய்னியர் ஒருகாலத்தில் இன்றைவிட வெகு உயரமாக இருந்தது என்று கணக்கிட்டவர்கள் உண்டு. கவர்ச்சியான கணக்குதான், ஆயினும் அதை அப்படியே ஏற்க நான் தயங்குகிறேன். லெசின்ஸ்கி, சிஸ்ஸன் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, ரெய்னியரைச் சுற்றியுள்ள லாவா முகடுகள் பலவற்றுக்கு வேறொரு பிறப்பைக் காட்டியது. பள்ளத்தாக்குகளைத் தடித்த பனி அடைத்திருந்த காலத்தில் வழிந்த லாவா, பனியை ஊடுருவ முடியாமல் அதன் ஓரமாக முகட்டின்மேல் ஓடி அங்கேயே உறைந்தது. ராம்பார்ட், மசாமா முகடுகள் அவ்வாறு உருவானவை. ஆகவே இம்மலையில் லாவா ஓடிய தளம் எங்கும் ஒழுங்கான கூம்பின் மேற்பரப்பு என்று கொள்ள முடியாது. லிட்டில் தஹோமாவின் சாய்வைக் கொண்டு இன்றைய பனியாறுகளுக்கு மேலே ஒரு பாறைச்சரிவு இருந்து அழிந்தது எனலாம். பழைய உச்சியின் உயரத்தை மீட்டரில் சொல்வது சான்றுக்கு அப்பாற்பட்டது. அந்த உச்சியின் ஒரு பகுதி ஏறக்குறைய 5,600 ஆண்டுகளுக்கு முன் ஆசியோலா சேற்றுப்பாய்வாகச் சரிந்து இறங்கியது என்பதும் மறுகணக்கை மேலும் சிக்கலாக்குகிறது.

அரிப்பு பழங்கதையாக முடிந்துவிடவில்லை. 1963 டிசம்பரில் லிட்டில் தஹோமாவின் வடமுகம் பெயர்ந்து எம்மன்ஸ் பனியாற்றின்மேல் விழுந்தது. குறைந்தது ஏழு தனித்தனிப் பாய்ச்சல்கள். மொத்தம் ஒரு கோடியே பத்து லட்சம் கனமீட்டர் அளவிலான பாறை. அது ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் உயரம் இறங்கி, 6.9 கிலோமீட்டர் தொலைவு ஓடி, ஒயிட் ரிவர் கூடாரத் தளத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வந்து நின்றது. குளிர்காலமாதலால் அங்கே யாரும் இல்லை.

இறக்கத்தை ஓட்டத்தால் வகுத்தால் 0.28 வருகிறது. உலர்ந்த பாறை பாறைமேல் உராய்ந்து இறங்கினால் 0.6ஐ ஒட்டிய விகிதமே எதிர்பார்க்கத்தக்கது. அதன்படி இந்தச் சரிவு மூன்று கிலோமீட்டரைச் சற்றே கடந்து ஓய்ந்திருக்க வேண்டும். இரு மடங்குக்கு மேல் ஓடியது எப்படி? 1965இல் இதை விரிவாக ஆராய்ந்த கிராண்டெல், ஃபானஸ்டாக் இருவரும், பாறைத்திரளின் அடியில் அகப்பட்ட காற்று மெத்தைபோல் அதைத் தாங்கியிருக்கலாம் என்றனர். முதல் நகர்வுக்கு நீராவி வெடிப்பு காரணமாகலாம் என்ற வாய்ப்பையும் முன்வைத்தனர். பனியின்மேல் ஓடும் பாறைக்கு உராய்வு இயல்பாகவே குறையும் என்பதால் காற்று மெத்தை கட்டாயத் தேவையல்ல என்பது என் கருத்து. நீராவியைப் பொறுத்தவரை, பனி அடிவாரத்தை அரித்துச் செங்குத்தாக்கிய சுவர் தன் எடையாலேயே சரியக்கூடியது. எரிமலையின் உதவி அதற்கு இன்றியமையாததன்று.

எனக்கு முதன்மையாகப் படுவது அதன்பின் நடந்தது. மெல்லிய தூசுப்படலம் வெயிலை உறிஞ்சிப் பனியை விரைந்து உருக்கும். சில சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கற்படலமோ வெப்பத்தைத் தடுத்து உருகலைக் குறைக்கும். எம்மன்ஸின் கீழ்ப்பகுதியை மூடியது இரண்டாம் வகை. அடுத்து வந்த காலத்தில் அதன் முனை முன்னோக்கி நகர்ந்தது. 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தில் பாறை விழுந்து மூடிய ஷெர்மன் பனியாறும் இவ்வாறே பின்னர் முன்னேறியது. நேர்மையாகச் சொல்வதானால், நிஸ்குவாலி முதலிய பிற ரெய்னியர் பனியாறுகளும் 1950களின் நடுவிலிருந்து 1980களின் தொடக்கம் வரை குளிர்ச்சியும் மிகுபனியும் கண்டு முன்னேறின. ஆகவே எம்மன்ஸின் நகர்வு முழுவதையும் பாறையின் கணக்கில் எழுத முடியாது. எனினும் எம்மன்ஸின் முனையை மட்டும் அளந்து தட்பவெப்பத்தின் போக்கைத் தீர்மானிப்பவர் இந்தத் துணைச் சிகரத்தையும் சேர்த்தே அளக்கிறார். பனியாறு சிகரத்தை அரித்தது. அரிபட்ட சிகரமே பனியாற்றுக்குப் போர்வையாயிற்று. காலநிலைப் பதிவாக எம்மன்ஸைப் பயன்படுத்துவோர் 1963க்குப் பிந்தைய அளவீடுகளைத் தனியே பிரித்துவைப்பதே முறை.

ஆபத்து மதிப்பீட்டிலும் இதே பிரிப்பு தேவைப்படுகிறது. ஆசியோலாவில் சரிந்த பாறை வெந்நீரும் அமில வாயுக்களும் நெடுங்காலம் ஊறிக் களிமண்ணாக மாறியிருந்தது. அதனால்தான் சேறாகி பியூஜெட் சவுண்ட் தாழ்நிலம் வரை பாய்ந்தது. 1963இல் விழுந்தது சேறாகாமல் கற்குவியலாகவே பள்ளத்தாக்கில் தங்கிவிட்டது. தொலைவிலுள்ள நகரங்களுக்கு அதனால் கேடில்லை. ஆனால் உச்சியின் கீழே மாக்மா எழுவதைக் கவனிக்கும் கருவிகள் இத்தகைய வீழ்ச்சிக்கு முன்னறிவிப்புத் தரும் என்று நம்ப இடமில்லை. ஒயிட் ரிவர் கூடாரத் தளத்துக்கான மதிப்பீடு ரெய்னியரின் எரிமலை வாயைவிட லிட்டில் தஹோமாவின் வடமுகத்திலுள்ள விரிசல்களிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.