கார்மேனித் தெய்வமும் கலரான மணப்பெண்ணும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதிக்குத் திருமணத் தடை நீங்க வேண்டி வரும் குடும்பங்கள் ஏராளம். பக்கத்து ராஜபாளையத்துக்காரர்களுக்கு அது கூப்பிடு தூரம். பெண்ணுக்காகத் தயாரிக்கும் ஜாதகக் குறிப்பில் படிப்பு, உயரம் ஆகியவற்றோடு ‘நிறம்’ என்றும் ஒரு வரி இருக்கும். சிவப்பு, மாநிறம், புதுநிறம் என்று எழுதுவார்கள். கறுப்பு என்று எழுதுவது அரிது. கரிய கண்ணனையன்றி வேறொருவனை மணக்க மறுத்தவளிடம்தான் இந்தக் குறிப்போடு போய் நிற்கிறோம். தமிழ்ச் சமூகம் கறுப்பை ஒருபோதும் முற்றாக வெறுக்கவில்லை. அதைத் தெய்வத்துக்கும் ஆணுக்கும் ஒதுக்கிவிட்டு, மணப்பெண்ணின் நிறத்துக்கு வேறொரு அளவுகோலை வைத்துக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குறுந்தொகை 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார், தன் மாமை அழகு தனக்கும் பயன்படாமல், தலைவனுக்கும் பயன்படாமல் பசலைக்கு இரையாகிறதே என்று நோகிறார். மாமை என்பது மாந்தளிரின் நிறம் என்பர் உரைகாரர். பிரிவில் அது கெட்டு, மேனியில் பீர்க்கம்பூ நிறம் படர்கிறது. அதாவது, உடல் வெளிறுவது அன்று நோயின் அடையாளம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைமக்களுக்குச் சொல்லும் பத்துப் பொருத்தங்களில் உருவு உண்டு. நிறம் தனியாக இல்லை. இதை வைத்துச் சங்க காலத்தைக் கறுப்பின் பொற்காலமாகக் கொண்டாடுவோர் உண்டு. அது மிகை. மாமை தளிரின் மென்மையும் மினுமினுப்பும் கொண்டது. உச்சிவெயிலில் உழைத்துக் கறுத்த மேனியை அது குறிக்கவில்லை. பொன் போன்ற சுணங்கும் அப்பாடல்களில் அழகுதான்.

ஆண்டாளிடம் இந்த மரபு அறுபடவில்லை. திருப்பாவையின் முதற்பாட்டிலேயே நாராயணன் கரிய திருமேனியோடு வருகிறான். நான்காம் பாட்டில் மழைத் தெய்வத்தை, ஊழிமுதல்வனின் உருவம்போலக் கறுத்துப் பொழியச் சொல்கிறாள். மழையை நம்பிய இந்த வட்டாரத்தில், கிழக்கே விரியும் கரிசல் காட்டையும் சேர்த்து நினைத்தால், கறுப்பு விளைச்சலின் நிறம். நாச்சியார் திருமொழியில் மேகங்களைத் தூது விடுபவள், ஒளிநிறமும் வளையும் உறக்கமும் தன்னைவிட்டுப் போயின என்கிறாள். பெயர் சொல்லாவிட்டாலும் அது பழைய பசலைதான்.

ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு வேறொரு நிறம் என்ற பிளவு கம்பனில் தெளிவாகத் தெரிகிறது. இராமன் மையும் மரகதமும் மழைமுகிலுமாக இருக்கிறான். சீதை பொன்னும் மின்னலுமாக இருக்கிறாள். வடக்கிலிருந்து வந்தவர்களோ வெள்ளைக்காரரோ கொண்டுவந்த நோய் இது என்ற சமாதானம், கம்பனைப் படித்தால் நிற்காது. நிழலில் இருந்தவர், வயலில் நின்றவர் என்ற வேறுபாடும் அதைக் கெட்டிப்படுத்திய சாதியும் நம்முடையவை. காலனி ஆட்சி அதற்கு அறிவியல் வேடம் கட்டியது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகள், மூக்கையும் தலையையும் அளந்து சாதிகளை அடுக்கின.

வெளுப்பு கடையில் விற்கும் பொருளாக மாறியது பின்னர். மஞ்சள், பயத்தமாவு, கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ என்றிருந்த வீட்டுப் பழக்கத்தை 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி தன் வசமாக்கிக்கொண்டது. சென்னை நிறுவனமான கவின்கேர் 1998இல் ஃபேர்எவரைக் குங்குமப்பூவின் பெயர் சொல்லியே விற்றது. சென்னையில் 2009இல் கறுப்பும் அழகே என்ற இயக்கம் தொடங்கியது. கறுத்தவரை மணத்துக்கும் வேலைக்கும் தகாதவராகக் காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக 2014இல் விளம்பரத் தர நிர்ணயக் குழு விதி வகுத்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரில் ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. களிம்பு கடையில்தான் இருக்கிறது. “நல்ல கலரு” என்றால் இன்றும் வெளுப்பு என்றே பொருள். கறுப்பு ஒரு நிறமாகவே கணக்கில் வருவதில்லை.

ஆணுக்கு மட்டும் சலுகை நீடித்தது. ரஜினிகாந்த், விஜயகாந்த், முரளி ஆகியோரின் கறுப்பைத் திரை கொண்டாடியது. எழுபதுகளின் இறுதியில் சரிதாவுக்குக் கிடைத்த இடமோ தொண்ணூறுகளில் மும்பையிலிருந்து வந்த நாயகிகளிடம் போய்விட்டது. 2007இல் வந்த ‘சிவாஜி’யில் நாயகன் ரஜினிகாந்த் நாயகிக்காக வெளுக்க முயல்வது வேடிக்கை; கணினி வித்தையால் ஒரு பாட்டு முழுக்க அவர் வெள்ளைக்காரர் நிறத்தில் ஆடினார். அவருடைய கறுப்பு அவரது வெற்றிக்குக் குறுக்கே நிற்கவில்லை. அதே படத்தில் முகத்தில் கரி அப்பிய இரு பெண்கள், பார்த்ததும் மாப்பிள்ளை ஓட வேண்டியவர்களாகச் சிரிப்புக்கு நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்கு வைத்த பெயர்கள் அங்கவை, சங்கவை. புறநானூற்று 112ஆம் பாடலைப் பாடிய பாரி மகளிருக்கு மரபு வழங்கும் பெயர்கள் அவை.