கொகிமாவின் நடுகற்கள்

போரில் பட்ட வீரனுக்குக் கல்லெடுக்கும் மரபைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. கல்லைத் தேர்வதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவதில் முடியும் இச்செயலில் ஊரார் அனைவர்க்கும் பங்குண்டு. கல்லில் வீரனது பெயரும் பெருமையும் பொறிக்கப்பட்டமையைச் சங்கப் பாடல்கள் கூறும். இப்பகுதியை வகுப்பறையில் விளக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் எழுவது, நாகாலாந்தின் தலைநகரான கொகிமாவில் அமைந்துள்ள போர்க் கல்லறைத் தோட்டமாகும்.

1944 மார்ச்சுத் திங்களில் ஜப்பானியப் படை பர்மாவிலிருந்து இந்திய எல்லையைக் கடந்தது. தளபதி சாத்தோவின் தலைமையிலான 31ஆம் டிவிஷன் ஏப்ரல் தொடக்கத்தில் கொகிமாவை முற்றுகையிட்டது. திமாப்பூரிலிருந்து இம்பாலுக்குச் செல்லும் சாலை இம்மலையூர் வழியாகவே செல்கிறது. இச்சாலை அடைபட்டால் இம்பாலில் நிற்கும் படைக்குத் தரைவழியே உணவும் தளவாடமும் செல்லா. வெஸ்ட் கென்ட் படையினரும் அஸ்ஸாம் ரெஜிமெண்ட், அஸ்ஸாம் ரைபிள்ஸ் வீரர்களும் இரு வாரங்களுக்கு மேல் அக்குன்றைக் காத்து நின்றனர். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானமே போர்முனையாயிற்று. அதன் இருபுறமும் இரு படைகளும் பதுங்கிக் கிடந்தன. ஜூன் 22ஆம் நாள் சாலை மீண்டும் திறக்கப்பட்டபோது பிரிட்டிஷ் இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 4,000 பேரும், ஜப்பானியத் தரப்பில் 5,000 பேருக்கு மேலும் இறந்தோ, காயமுற்றோ, காணாமற்போயோ இருந்தனர்.

போர் நிகழ்ந்த அக்குன்றே பின்னர்க் கல்லறைத் தோட்டமாயிற்று. படிப்படியாக அமைந்த அதன் தளங்களில் 1,420 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்; அவருள் 141 பேர் இன்னாரென்று அறியப்படாதவர். அதன் உச்சியில், தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேருக்கான நினைவகம் நிற்கிறது. டென்னிஸ் மைதானத்தின் எல்லைக்கோடுகளை இன்றும் வெண்ணிறத்தில் காணலாம். விளையாட்டுத் திடலின் அளவு எவ்வளவு சிறிதென்பதை நாமறிவோம். அச்சிறு நிலத்திற்காக எத்தனை உயிர்கள் என்று எண்ணும்போது, வரலாற்று நூல்களின் எண்களெல்லாம் வேறு பொருள் பெறுகின்றன.

நுழைவாயிலருகே பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷனின் நினைவுக்கல் உள்ளது. நாகர் தம் முன்னோர்க்கு நடும் நெடுங்கல்லைப் போன்ற ஒற்றைப் பெருங்கல் அது. நாகர்களே அதனை இழுத்துவந்தனர். அதில் பொறிக்கப்பட்ட வாசகம் உலகப் புகழ்பெற்றது. ஜான் மாக்ஸ்வெல் எட்மண்ட்ஸ் என்னும் செம்மொழிப் புலவர் முதல் உலகப்போர்க் காலத்தில் எழுதியதாகக் கூறப்படுவது. தெர்மோப்பிலேயில் மாண்ட ஸ்பார்த்தா வீரர்க்காகக் கிரேக்கக் கவிஞர் சிமோனிடீஸ் இயற்றியதாகச் சொல்லப்படும் கல்வெட்டுப் பாடல் அதற்கு முன்னோடி. இரண்டிலும் இறந்தோர், வழிச்செல்வோனிடம் தம் நாட்டாருக்குச் செய்தி சொல்லியனுப்புகின்றனர். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும் ஒரு கவிஞனின் உத்தி மலையுச்சிக் கல்லொன்றில் உயிரோடிருப்பது கவிதைக்குக் கிடைத்த பெருமையன்றோ?

எனினும் அக்கல்லின்முன் நின்றபோது என்னுள் ஒரு வினா எழுந்தது. ஊர் திரும்புவோனிடம் பேசுகிறது அக்கல். ஊரே போர்க்களமாகிவிட்ட நாகர், செய்தி சுமந்து எங்கே திரும்புவர்? அவர்தம் வீடுகள் குண்டுமழையில் அழிந்தன. வெடிமருந்தையும் காயமுற்றோரையும் மலைப்பாதைகளில் தோளிற் சுமந்தவர் அவர்கள். கல்லைச் சுமந்தவர்க்கு அக்கல்லின் வாசகத்தில் இடமில்லை.

வினா அத்துடன் நிற்கவில்லை. அப்படையெடுப்பில் ஜப்பானியரோடு நேதாஜியின் இந்திய தேசிய இராணுவமும் வந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பலர் அதிற் சேர்ந்திருந்தனர். என் பாட்டியின் தமையனாரும் அவருள் ஒருவர். அவர் இம்பால் முனைக்குச் சென்றார் என்பதே வீட்டுக்குக் கிடைத்த இறுதிச் செய்தி. பாட்டி தம் இறுதிக்காலம் வரை அண்ணனுக்குத் திதி கொடுக்க இசையவில்லை, நாள் தெரியாதென்பார். அவர் பெயர் கொகிமாவில் இருக்க இயலாது. அவர் எதிரணியில் நின்றவர். அப்படையின் மாண்டோர்க்கெனச் சிங்கப்பூரில் 1945இல் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னமும், பிரிட்டிஷார் திரும்பிவந்த அதே ஆண்டிலேயே தகர்க்கப்பட்டது. அவ்விடத்தை அறிவிக்கும் குறிப்புக்கல் 1995இல்தான் வைக்கப்பட்டது.

உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னாது இறந்தோர் யாவரையும் ஒப்ப மதிப்பதே போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. கொகிமாவில் அதிகாரியும் சிப்பாயும் ஒரேவகைக் கல்லின்கீழ்த் துயில்வது அதன் மேன்மை. ஆயினும் முதல் உலகப்போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர் பலருக்கு அச்சமன்மை வழங்கப்படவில்லை என்பதை 2021இல் அவ்வாணையமே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. கல் நடுவோர் தம்மவரையே முதலில் காண்பர் என்பதற்கு இதுவே சான்று. நம் நடுகல் மரபிலும், கல் பெறாது மண்ணாகியோர் எத்துணையரோ!

பத்தாண்டு நிறைவெய்தும் நம் வட்டத்தின் கவிஞர்க்கு இவ்வேளையில் ஒன்று கூற விழைகிறேன். கொகிமாக் கல்லை உலகறியச் செய்தது அதன் உயரமன்று. அதிலமைந்த சில சொற்களே. கல்லுக்கு அரசின் ஆணை வேண்டும், நிலம் வேண்டும், வெற்றியும் வேண்டும். சொல்லுக்கு இவை வேண்டா. ஆறாம் நிலையாகிய வாழ்த்தல் புலவனுடையது. முந்தைய ஐந்தும் கிட்டாதவர்க்கும் அந்த ஆறாவதை நம்மால் அளிக்க இயலும். சுமை தூக்கிய நாகனுக்கும், நாளறியாமல் மறைந்த தோட்டத் தமிழனுக்கும் நாம் செலுத்தவேண்டிய கடன் அது.