‘ஆபத்தானவர்’ என்னும் சொல்: இந்திய மனநலச் சட்டங்களில் வன்முறை இடர் மதிப்பீடு (1858 – 2017)

மனநோய் உற்ற ஒருவர் பிறர்க்குத் தீங்கு இழைப்பாரா என்னும் வினாவிற்கு இந்தியச் சட்டங்கள் 1858 முதல் விடை கூறி வந்துள்ளன. அவ்விடையை யார் கூறினார், எதனை அடிப்படையாகக் கொண்டு கூறினார், கூறியதை மறுமுறை ஆராய்ந்து மாற்றும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பனவற்றை நோக்கினால், வரலாறு முழுவதும் ‘ஆபத்தானவர்’ என்னும் ஒரு சொல்லைச் சுற்றியே இயங்கியிருப்பது புலனாகும். சட்டங்கள் பலமுறை மாறின. நோயைக் குறிக்கும் சொற்களும் மாறின. இச்சொல் மட்டும் ஒரு சட்டத்திலிருந்து மறு சட்டத்திற்குக் குடிபெயர்ந்துகொண்டே இருந்தது. அதன் பயணத்தையும், அதனால் சிறைப்பட்டோர் இழந்த ஆண்டுகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. சட்டநூல் வல்லார் இதனை வேறு வகையில் அணுகுவர். சொல்லையும் அதன் ஆட்சியையும் ஆராய்வது மொழித்துறையினரின் பணி என்பதால் இங்கு அவ்வழியே மேற்கொள்ளப்படுகின்றது.

பித்தும் தீங்கும்

தமிழ் இலக்கியத்தில் பித்து என்பது தீங்கோடு பிரிக்க இயலாதபடி பிணைக்கப்பட்ட ஒன்றன்று. சுந்தரர் தம் முதற் பதிகத்தில் இறைவனையே பித்தன் என விளித்தமை யாவரும் அறிந்தது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத் தெருவில் மையல் கொண்ட ஒருவன் அழுவதும் விழுவதும் தொழுவதும் ஓடுவதும் தன் நிழலோடு தானே பகைப்பதுமாகச் செல்கின்றான். ஊர் மக்கள் அவன் பின்னே வருந்திச் சென்று, அவன்படும் துன்பத்தைக் கண்டு நிற்கின்றனர். அவர்கள் அஞ்சி ஓடுவதாகச் சாத்தனார் காட்டவில்லை. ஒரு காப்பியக் காட்சியை வைத்துப் பழந்தமிழர் மனநோயாளரை அன்போடு பேணினர் என்று முடிவு கட்டுவது மிகையாகும்; வேடிக்கை பார்ப்பதும் ஒருவகைப் புறக்கணிப்பே. எனினும் பித்து என்றதும் ஆபத்து என்னும் பொருள் தானே உடன்வரவில்லை என்பது நோக்கத்தக்கது. அவ்விரண்டையும் ஒரே தொடரில் கட்டிவைத்தது பின்னாளைய ஆட்சிச் சட்டமேயாகும்.

சட்டத்தில் இச்சொல் புகுந்த வரலாறு

1800 மே 15ஆம் நாள் இலண்டன் நாடக அரங்கொன்றில் மன்னர் மூன்றாம் ஜார்ஜை நோக்கி ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு என்னும் முன்னாள் படைவீரர் சுட்டார். அவருடைய வழக்கை ஒட்டி, மனநிலை திரிந்து குற்றம் புரிந்தோரை விடுவியாமல் காவலில் வைக்க அதே ஆண்டில் இங்கிலாந்தில் சட்டம் இயற்றப்பட்டது. 1843இல் மக்நாட்டன் என்பவர் பிரதமர் பீலின் செயலாளர் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்ற வழக்கின் பின்னர், நீதிபதிகள் வகுத்தளித்த நெறிகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் (1860) 84ஆம் பிரிவிற்கு அடிப்படையாயின. இவையிரண்டும் நிகழ்ந்துவிட்ட ஒரு செயலைப் பற்றியவை. நிகழாத செயலைப் பற்றிய கணிப்பு வேறொரு வழியே இந்தியாவிற்குள் வந்தது.

சென்னையில் 1794 முதலே பித்தர் விடுதி இயங்கி வந்தது. நாடு முழுவதற்கும் உரிய சட்டங்கள் 1858இல் மூன்றாக வெளிவந்தன. அவற்றுள் விடுதிகள் பற்றிய 36ஆம் சட்டம், பித்தர் எனக் கருதப்பட்டு அலைந்து திரிவோரையும், பித்தினால் ஆபத்தானவர் என நம்பப்படுவோரையும் பிடித்து நடுவரிடம் அனுப்புவது தரோகாவின் கடமை என்றது. ‘நம்பப்படுவோர்’ என்னும் செயப்பாட்டு வினை கருதத்தக்கது. நம்புகிறவர் யார், எதைக் கண்டு நம்புகிறார் என்பவை அதற்குள் மறைந்துவிடுகின்றன.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் இதனை மேலும் கூர்மையாக்கியது. அதன் 13ஆம் பிரிவின்படி, அலைந்து திரியும் பித்தரைக் காவல் நிலைய அலுவலர் பிடிக்கலாம். ஆபத்தானவர் என்று தாம் நம்பக் காரணமுள்ளவரையோ பிடித்தே ஆகவேண்டும். முன்னது விருப்பம், பின்னது கட்டளை. ஆக, ‘ஆபத்தானவர்’ என்று மனத்துள் தீர்மானித்த அக்கணமே காவலர்க்குக் கடமை பிறந்துவிடுகின்றது. பின்னர் நடுவர் விசாரிப்பார், மருத்துவ அலுவலர் சான்றளிப்பார் என்பது உண்மையே. ஆயினும் மருத்துவரிடம் முதன்மையாகக் கேட்கப்பட்டது பித்து உண்டா என்பதே. எத்தகைய தீங்கு, யாருக்கு, எந்தச் சூழலில், எத்தனை நாளைக்குள் என்னும் வினாக்களை எழுப்பும்படி சட்டம் எவரையும் பணிக்கவில்லை.

1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 1993) பித்தர் என்னும் சொல்லைக் கைவிட்டு மனநோயாளி என்றது. பிடிப்பது என்னும் சொல் காப்பில் எடுப்பது என்றாயிற்று. ஆனால் 23ஆம் பிரிவில் காவலரின் விருப்பமும் கட்டளையும் 1912இல் இருந்தவாறே இருந்தன. மனநோயினால் ஆபத்தானவர் என நம்பக் காரணமுள்ளவரைக் காப்பில் எடுத்தே ஆகவேண்டும். பெயர் மாற்றத்தையே சீர்திருத்தம் எனக் கொண்டாடும் நம் வழக்கத்திற்கு இது நல்லதொரு சான்று.

எழுதப்பட்ட அறிக்கைகளும் படிக்கப்படாத அறிக்கைகளும்

இடர் மதிப்பீடு அக்காலத்தில் அறவே நிகழவில்லை என்று கூறுதல் பொருந்தாது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, குற்ற வழக்கின் வழியே அடைக்கப்பட்ட பித்தரை ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் நேரிற்கண்டு மனநிலை பற்றி உரிய அதிகாரிக்குச் சிறப்பறிக்கை அனுப்புமாறு பணித்தது. காகிதத்தில் இது போற்றத்தக்க ஏற்பாடு. ஆனால் உள்ளே அனுப்புவதற்கு ஒரு காவலரின் நம்பிக்கை உடனே செயலாயிற்று. வெளியே அனுப்புவதற்குரிய அறிக்கையோ பிறிதோர் அலுவலகத்தில் இசைவுக்காகக் காத்துக் கிடந்தது. அங்கிருந்து மறுமொழி வராவிடில் என் செய்வது என்பதற்கு வழியில்லை. இந்நிலையின் விளைவை உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த செய்திகளிலிருந்து அறியலாம்.

பீகார் மாநிலத்தின் ஹசாரிபாக் சிறையில் (அவ்வூர் இன்று ஜார்க்கண்டில் உள்ளது) மனநிலை பிறழ்ந்தோர் எனப் பல பத்தாண்டுகளாக அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றி இலவசச் சட்ட உதவிக் குழுவொன்று எழுதிய மடலை, வீணா சேத்தி வழக்காக 1982இல் நீதிமன்றம் ஏற்றது. நீதிபதி பகவதியின் தீர்ப்பிலிருந்து, தெளிவுற்றனர் எனச் சான்றளிக்கப்பட்ட பின்னரும் ஆண்டுக்கணக்கில் விடுவிக்கப்படாதோர் அவர்களுள் இருந்தமை தெரியவருகின்றது. சான்று இருந்தது, அது கோப்பில் இருந்தது, மனிதர் சிறையில் இருந்தார்.

அதே பீகாரில் ருதுல் சா என்பவரை நீதிமன்றம் 1968 ஜூன் 3ஆம் நாள் குற்றமற்றவர் என விடுவித்தது. அவர் வெளியே வந்தது 1982 அக்டோபரில். இடைப்பட்ட 14 ஆண்டுகளுக்கு அரசு கூறிய காரணம், அவர் மனநிலை பிறழ்ந்திருந்தார் என்பது. அவர் இயல்பாக உள்ளார் என்று மருத்துவர் 1977 பிப்ரவரியில் தெரிவித்ததாகவும், அச்செய்தி சில நாள்களிலேயே சட்டத்துறைக்கு அனுப்பப்பட்டதாகவும் அரசே கூறியது. அதன் பின்னரும் ஐந்தாண்டுக்கு மேல் கழிந்தது. மனநிலை பிறழ்ந்தார் என்பதற்கே உருப்படியான சான்று எதுவும் காட்டப்படவில்லை என 1983இல் நீதிமன்றம் கண்டித்து, இழப்பீடும் அளிக்கச் செய்தது. இழப்பீட்டுச் சட்ட வரலாற்றில் இத்தீர்ப்பு பெரிதும் பேசப்படுகின்றது. நம் ஆய்விற்கு அதனினும் இன்றியமையாதது, ‘பிறழ்ந்தவர்’ என்னும் ஒரு சொல் 14 ஆண்டுகளைத் தாங்கும் வலிமை பெற்றிருந்தது என்பதே.

அசாமைச் சேர்ந்த மச்சல் லாலுங்கின் செய்தி இவை எல்லாவற்றினும் கொடிது. கொடுங்காயம் விளைவித்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 326ஆம் பிரிவில் 1951இல் கைது செய்யப்பட்ட அப்பழங்குடி இளைஞர், தேஜ்பூர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் அவர் நலமடைந்துவிட்டார் என மருத்துவமனை தெரிவித்தது. அவரோ வீட்டிற்கு அனுப்பப்படாமல் குவாஹாட்டிச் சிறைக்கு மாற்றப்பட்டார். 2005 ஜூலையில் ஒரு ரூபாய் பிணைமுறியின் பேரில் விடுதலையானபோது, கைதாகி 54 ஆண்டுகள் கடந்திருந்தன, விசாரணையோ நடந்தேறவில்லை. மூன்று இலட்சம் ரூபாயும் வாழ்நாள் முழுதும் மாதம் 1,000 ரூபாயும் வழங்க உச்ச நீதிமன்றம் பணித்தது. 2007 இறுதியில் அவர் மறைந்தார். மருத்துவமனையின் 1967ஆம் ஆண்டுக் கருத்து ஓர் இடர் மதிப்பீடேயாகும். அது செய்யப்பட்டது, எழுதப்பட்டது, அனுப்பப்பட்டது. அதற்குச் செவிசாய்க்கும் கடமை மட்டும் எவர்க்கும் உரியதாய் இல்லை.

கணிப்பின் தகுதி

ஒருவர் ஆபத்தானவர் என்னும் கணிப்பு எத்துணை உண்மை என்பதைச் சோதித்தறியும் வாய்ப்பு அரிது. அடைக்கப்பட்டவர் வெளியே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யார் காண்பது? அமெரிக்காவில் எதிர்பாராத வகையில் அவ்வாய்ப்பு அமைந்தது. நியூயார்க் மாநிலத்தில் தண்டனைக் காலம் முடிந்தும் ஆபத்தானவர் எனக் குற்றவாளிகளுக்குரிய மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்த பாக்ஸ்ட்ரோம் என்பவரின் வழக்கில், 1966இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அம்முறை செல்லாது என்றது. அவரைப்போல் வைக்கப்பட்டிருந்த 967 பேர் பொது மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். பேரச்சம் நிலவியது. ஸ்டெட்மேனும் கொகோசாவும் அவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். நான்காண்டுகளில், காவல் மிகுந்த மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பப்பட்டோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவே. அவர்களுள் பலர் நடுவயதைக் கடந்தவர் என்பதையும் கணக்கிற்கொள்ள வேண்டும். ஆனால் அடைத்து வைத்தோர் அவ்வயதைக் கணக்கிற்கொள்ளவில்லை என்பதுதானே செய்தி.

1981இல் ஜான் மோனகன் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, வன்முறை செய்வார் என மருத்துவர் கணித்தோருள் ஏறத்தாழ மூவரில் இருவரிடம் அக்கணிப்பு பொய்த்தது எனக் காட்டினார். இதன் பின்னரே மதிப்பீடு ஒரு முறைமையாக வளர்ந்தது. கனடாவில் 1995இல் உருவான எச்.சி.ஆர்.-20 என்னும் கருவி, கடந்தகாலம் பற்றிய 10 கூறுகளையும், இன்றைய மனநிலை பற்றிய 5 கூறுகளையும், வருங்காலச் சூழல் பற்றிய 5 கூறுகளையும் தனித்தனியே ஆராயச் சொல்கின்றது. கடந்தகாலம் மாறாது, ஏனைய பத்தும் மாறக்கூடியவை. ஆகவே மறுமதிப்பீடு என்பது அக்கருவியின் உள்ளுறுப்பாகவே அமைந்துவிடுகின்றது. மெக்ஆர்தர் ஆய்வு (1998), மது, போதைப்பொருள் பழக்கமற்ற மனநோயாளர், அதே பகுதியில் வாழும் அப்பழக்கமற்ற பிறரைவிட மிகுதியாக வன்முறையில் ஈடுபடவில்லை எனக் கண்டது. நோயினும் பழக்கமும் சூழலுமே பேசின எனலாம்.

இக்கருவிகளும் முற்ற நம்பத்தக்கவை அல்ல. 24,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இடர் மிக்கவர் எனக் கருவிகள் வகைப்படுத்தியோருள் 41 விழுக்காட்டினரே பின்னர் வன்முறையில் ஈடுபட்டனர்; இடர் குறைந்தவர் எனப்பட்டோருள் 91 விழுக்காட்டினர் ஈடுபடவில்லை. அடைப்பதற்குச் சான்று தேடினால் கருவி தடுமாறுகின்றது. விடுவிப்பதற்குச் சான்று தேடினால் பெரிதும் உதவுகின்றது. ஹசாரிபாக்கிலும் தேஜ்பூரிலும் தேவைப்பட்டது இரண்டாவதே.

மதிப்பீடே இல்லாத இடத்தில் சங்கிலி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தவர்களுள் 28 பேர் மாண்டனர். சங்கிலி எவரையும் வேறுபடுத்தி நோக்குவதில்லை. அமைதியாக இருந்தவரையும் சீறியவரையும் அது ஒன்றாகவே கட்டியது.

2017: குறிப்பிலிருந்து தெரிநிலைக்கு

2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. காவலரைப் பற்றிய 100ஆம் பிரிவில் ‘ஆபத்தானவர்’ என்பது நீங்கி, தமக்கோ பிறர்க்கோ இடர் என்னும் தொடர் வந்தது. நம்பக் காரணம் என்பது எஞ்சி நின்றாலும், காவல்நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ வைத்தல் கூடாது, 24 மணி நேரத்திற்குள் பொது மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது விதி.

இதனினும் சிறந்த மாற்றம் ஒருவரின் இசைவின்றிச் சேர்ப்பது பற்றிய 89ஆம் பிரிவில் உள்ளது. நல்லன், கொடியன் என்பன காலத்தை வெளிப்படக் காட்டாத வினைக்குறிப்பு. அடித்தான், அடிக்கின்றான் என்பன காலம் காட்டும் தெரிநிலை வினை. 1858 முதல் 1987 வரை சட்டம் மனநோயாளரைப் பற்றிப் பேசியது ‘கொடியன்’ என்னும் வாய்பாட்டில். என்று கொடியன், எதுவரை கொடியன் என்னும் வினாக்கள் அவ்வாய்பாட்டில் எழுவதில்லை. புதிய பிரிவோ அண்மையில் வன்முறையாக நடந்தாரா, நடந்துகொண்டிருக்கின்றாரா, பிறர் உடல்தீங்கு அஞ்சும்படி செய்தாரா எனத் தெரிநிலை வினைகளாற் பேசுகின்றது. ‘அண்மையில்’ என்னும் ஒரு சொல்லால் காலம் சட்டத்திற்குள் வந்துவிட்டது. இருவர் தனித்தனியே ஆராய்ந்த பின்னரே சேர்க்கலாம். காலவரையறை 30 நாள். நீட்டிக்க வேண்டுமாயின் மீள ஆராய்ந்து, சீராய்வு வாரியத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும். வாரியம் வாளாவிருந்தால் காவல் தானே நீளும் பழைய நிலை இங்கு இல்லை.

ஆயினும் மனநிலை பிறழ்வால் விசாரணைக்குத் தகுதியற்றவராகக் காணப்படும் குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறொரு வாயில் வழியே உள்ளே செல்கின்றார். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அவ்வதிகாரத்தைப் பெரிதும் பழைய வடிவிலேயே பேணியுள்ளது. அதன்படி அவரைப் பிணையில் விடுவிக்க, மருத்துவம் பெறச் செய்வதாகவும் தீங்கு நேராமல் காப்பதாகவும் உறவினரோ நண்பரோ உறுதியளிக்க வேண்டும். உறவினரால் தேடப்படாதவர்க்கு, அவ்வுறுதியை அளிப்பவர் யார் என்னும் வினா 1951இல் இருந்த இடத்திற்கு மிகவும் அருகிலேயே இன்றும் நிற்கின்றது.