திரும்பி வருவதற்காகச் சென்றவர்கள்

மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ஆம் திகதி, தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கும் இடையே திறக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டு மைல் நீளமான அப்பாதையை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படையினர் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களைத் தொடர்ந்து எழுதுவினைஞர்களும் நிலைய அதிபர்களும் சென்றனர். அவர்களிற் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத் தமிழர்.

இதற்குக் காரணம் இருந்தது. 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் காலூன்றியது. 1823இல் வட்டுக்கோட்டை செமினறி தொடங்கியது. ஆங்கிலம் கற்ற இளைஞர் தொகை, இலங்கையில் கிடைத்த உத்தியோகங்களை விஞ்சியது. மலாயாவிலோ ஆங்கிலம் அறிந்த கீழ்நிலை உத்தியோகத்தருக்குப் பஞ்சம். 1896இல் மலாய் கூட்டு மாநிலங்கள் உருவானதும் புகையிரதம், தபால், நில அளவை, திறைசேரி, வைத்தியசாலை என எங்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம்பிய சமூகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எனினும், சென்றவர்களில் எவரும் குடியேறும் எண்ணத்துடன் கப்பலேறவில்லை என்றே சொல்லலாம். ஈட்டிலிருந்த காணியை மீட்க வேண்டும். சகோதரிகளைக் கரைசேர்க்க வேண்டும். ஊரில் ஒரு கல்வீடு கட்ட வேண்டும். பின்னர் ஓய்வூதியத்துடன் திரும்ப வேண்டும். இதுவே அவர்களது திட்டம். பலர் சேர்ந்து வாடகைக்கு வீடெடுத்துச் சமைத்துண்டு, மிச்சத்தை மணிஓடராக ஊருக்கு அனுப்பினர். குடாநாட்டின் பல கிராமங்களது பொருளாதாரமே அந்த மணிஓடரில் தங்கியிருந்தது.

இத்திட்டத்தை மாற்றியது உத்தியோகமன்று, குடும்பமே என்பது எனது கருத்து. விடுமுறையில் ஊர் திரும்பியவர் மணம் முடித்து, மனைவியுடன் மீண்டும் கப்பலேறினார். தாயோ மாமியோ அருகில்லாத அந்நிய நாட்டில் அந்த இளம்பெண் தனியே குடும்பம் நடத்தத் தொடங்கினாள். கணவனுக்கு அலுவலகமும் ஆங்கிலமும் இருந்தன; அவளுக்கு இரண்டும் இல்லை. அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண்ணே அவளுக்கு அக்காவும் மருத்துவிச்சியுமானாள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலிருந்த புகையிரதக் குடியிருப்புகள் இவ்வாறுதான் யாழ்ப்பாணத்துக் குறிச்சி ஒன்றைப் போலாயின. 1900இல் சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கமும், 1904இல் விவேகானந்தா ஆச்சிரமமும் தோன்றின. அதே காலப்பகுதியில் கந்தசுவாமி கோவிலும் அங்கு எழுந்தது.

ஆயினும் மனம் இரு கரைகளிலும் இருந்தது. பிரசவத்துக்கு ஊருக்கு வருவது அதற்கோர் அடையாளம். பிற்காலத்தில் சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சராகிய சி. இராஜரத்தினம் 1915இல் வட்டுக்கோட்டையிற் பிறந்து, சில மாதக் குழந்தையாக மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். அவர் வளர்ந்தது சிரம்பானில். பெற்றோருக்கு வட்டுக்கோட்டை ஊராக இருந்தது. சிரம்பானில் வளர்ந்த பிள்ளைக்கு அது பிறந்த இடத்தின் பெயர் மட்டுமே.

பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலைக்குச் சென்றனர். தெருவில் மலாய் பேசினர். அவர்களது படிப்பு முடியட்டும் என்று திரும்பும் நாள் ஒத்திவைக்கப்பட்டது. படிப்பு முடிந்தபோது அவர்களும் அங்கேயே உத்தியோகத்தராயினர். ஓய்வுபெற்ற தந்தையர் பலர் சொன்னபடியே ஊர் திரும்பி 'மலாயன் பென்சனியர்' என்று மதிக்கப்பட்டனர். ஆனால் அவர்கள் கட்டிய பெரிய வீடுகளில் வாழ வேண்டிய பிள்ளைகள் வரவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் புகுந்தனர். மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக மணிஓடர் இல்லை, கடிதமும் இல்லை. கடலுக்கு அப்பாலிருந்த கணவன் உயிருடன் இருக்கிறானா என்று அறியாமலே யாழ்ப்பாணத்தில் பெண்கள் குடும்பத்தைக் கொண்டு நடத்தினர். இரு கரைகளிலும் கால்வைத்து வாழ்வதன் விலை அப்போதுதான் புரிந்தது. 1948இல் இலங்கை சுதந்திரமடைந்தது; 1957 ஆகஸ்ட் 31இல் மலாயாவும் சுதந்திரமடைந்தது. எந்த நாட்டின் பிரஜை என்ற கேள்விக்கு இனி விடை சொல்லியே ஆக வேண்டியிருந்தது. பலர் பிள்ளைகள் இருந்த பக்கத்தையே தெரிந்தெடுத்தனர்.

இந்த வரலாற்றை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 1983இன் பின்னர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றவர்கள் உத்தியோகம் தேடியன்று, உயிர் தப்பவே சென்றனர். இரு பெயர்வுகளும் ஒன்றல்ல. ஆனால் நிலைமை சீரானதும் திரும்பிவிடலாம் என்ற அதே நம்பிக்கை அவர்களில் பலரிடமும் இருந்தது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் அதுவும் அதே விதமாகவே ஒத்திவைக்கப்பட்டது. இதற்காக எவரையும் குறைகூற முடியாது. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் காட்டிப் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குவதை விட, அந்த வீடு ஏன் கட்டப்பட்டது என்ற கதையை அவர்களுக்குச் சொல்லி வைப்பதே மேல். மலாயாவுக்குச் சென்ற தலைமுறையில் அக்கதையை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே.