பெயரில் மட்டும் மாவுச்சத்து

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

1845ஆம் ஆண்டு. லண்டனில் ஒரு மளிகை வியாபாரிக்கு எலும்பெல்லாம் தாங்க முடியாத வலி. அவருடைய சிறுநீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் கொடுத்து, இதில் இருப்பது என்ன என்று கேட்டார்கள். நைட்ரிக் அமிலம் விட்டு ஆறவைத்தால் அது கெட்டியாகத் திரண்டது. சூடாக்கினால் கரைந்தது. ஆறியதும் மறுபடி திரண்டது. அவித்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகுமா? ஆகாது. இந்தப் புரதமோ அந்த வழக்கத்துக்கு அடங்கவில்லை. நோயாளி 1846 ஜனவரி முதல் நாள் காலமானார். அது என்ன புரதம் என்று தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அதே காலத்தில் ஜெர்மனியில் வேறொரு கதை. 1854இல் ருடால்ஃப் விர்ச்சோ, உடல் உறுப்பில் கண்ட ஒரு படிவின் மேல் அயோடினும் கந்தக அமிலமும் இட்டுப் பார்த்தார். நிறம் மாறியது. சோற்றுப் பருக்கையில் அயோடின் விட்டு நீலக்கறுப்பு வருவதை வகுப்பில் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அவரும் அப்படித்தான் எண்ணி, 'மாவுச்சத்து போன்றது' என்ற பொருளில் அமிலாய்டு என்று பெயர் வைத்தார். ஐந்தே ஆண்டுகளில், 1859இல், ஃபிரீட்ரைக்கும் கெக்குலேயும் அது மாவுச்சத்து அல்ல, புரதம் என்று காட்டிவிட்டார்கள். பென்சீன் வளையம் சொன்ன அதே கெக்குலேதான். ஆனால் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர் இன்றும் ஆளைக் குழப்புகிறது. போன மாதம் பழைய மாணவி ஒருவர் பேசினார். அவருடைய மாமியாருக்கு ஏ.எல். அமிலாய்டு நோய். 'மாவுச்சத்து' என்று யாரோ சொல்ல, அந்த அம்மா சோற்றையே விட்டுவிட்டாராம். எதைச் சாப்பிட்டு இது வந்தது, பிள்ளைகளுக்கும் வருமா என்று ஒரே கவலை. இதற்கான விடை மீதிக் கதையில் இருக்கிறது.

நம் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, இரண்டு கனமான சங்கிலிகளும் இரண்டு லேசான சங்கிலிகளும் சேர்ந்தது. 1962இல் எடல்மனும் கேலியும் லேசான சங்கிலியைத் தனியே பிரித்துச் சூடாக்கினார்கள். சூடேறும்போது கலங்கியது, கொதிநிலையை நெருங்கும்போது தெளிந்தது. லண்டன் புரதம் யாரென்று தெரிந்துவிட்டது! எதிர்ப்பொருளின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக எடல்மனுக்கும் போர்ட்டருக்கும் 1972இல் நோபல் பரிசு கிடைத்தது.

1971இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னர் குழுவினர் இரண்டு கதைகளையும் இணைத்தார்கள். நோயாளியின் உறுப்பில் படிந்திருந்த அமிலாய்டு நுண்ணிழையைப் பிரித்துப் படித்தால், அது லேசான சங்கிலியின் துண்டு!

நல்ல புரதம் ஏன் நாராகிறது? 1994இல் வெட்ஸலும் உடன் ஆய்வாளர்களும் அதற்கு ஒரு முக்கியக் காரணம் காட்டினார்கள். சங்கிலி ஒழுங்காக மடிந்திருக்கச் சில அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். 61ஆம் இடத்து ஆர்ஜினினுக்கு நேர்மின், 82ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்துக்கு எதிர்மின். இந்தப் பிடி கட்டிடத்தின் ஆணி மாதிரி. சடுதிமாற்றத்தால் அப்படி ஓர் இடத்தில் வேறு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்தால் மடிப்பு தளர்கிறது. தளர்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி நுண்ணிழையாகி, இதயத்திலும் சிறுநீரகத்திலும் படிகின்றன. எல்லா மாற்றமும் இப்படிச் செய்யாது, பெரும்பாலானவை தீங்கற்றவை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். புதுக் கிருமியை இறுக்கிப் பிடிக்க, எதிர்ப்பொருள் மரபணுவை நம் உடலே வேண்டுமென்று மாற்றிக்கொள்கிறது. நம்மைக் காக்கும் அதே ஏற்பாட்டில், எங்கோ ஒரு செல்லில் ஒரு மாற்றம் தவறான இடத்தில் விழுகிறது. அந்தச் செல் பெருகுகிறது. ஆகவே இது சாப்பாட்டால் வந்ததல்ல, பாவத்தால் வந்ததல்ல. ஏ.எல். வகை பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. வம்சவழி வரும் அமிலாய்டு வகைகளும் உண்டு என்பதால், எந்த வகை என்று மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

கிளென்னரே 1995இல் வேறொரு புரதத்தின் அமிலாய்டு படிந்து இறந்தார். வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பொருள் அவர் உடலிலேயே இருந்தது.

இன்று அந்தச் சங்கிலியைத் தயாரிக்கும் செல்களை அழிக்க மருந்துகள் உண்டு. டாராட்டுமுமாப் என்ற மருந்தை, வேறு மருந்துகளோடு சேர்த்து இந்நோய்க்குத் தர 2021இல் அமெரிக்கா அனுமதித்தது. வேடிக்கை என்னவென்றால், அதுவும் ஓர் எதிர்ப்பொருள்தான்! ஆனால் உறுப்பு கெடுமுன் கண்டுபிடிக்க வேண்டும். சிறுநீரில் ஓயாத நுரை, கால் வீக்கம், காரணமில்லாத மூச்சிரைப்பு, தடித்த நாக்கு, கண்ணைச் சுற்றி அடிபடாமலே கன்றிப்போதல் இவற்றை 'வயசாச்சு' என்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவையுங்கள்.